வாபஸ் வாங்கிய துணைவர் விசா மனுவை, சமாதானம் ஆன பிறகு மறுபடி தொடங்குவது எப்படி

"வாபஸ் வாங்கின மனுவையே மறுபடி எடுத்து ஓட்ட முடியுமா அக்கா?" இதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. முடியாது. அமெரிக்காவில் இருக்கும் கணவரோ மனைவியோ உங்களுக்காகப் போட்ட ஐ-130 மனுவை வாபஸ் பெறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த வாபஸைத் திரும்பப் பெற முடியாது என்று அந்த ஊர்க் குடியேற்றத் துறை விதியிலேயே இருக்கிறது. கோபத்தில் எழுதியது, அம்மா பேச்சைக் கேட்டு எழுதியது, இப்போது ராசியாகிவிட்டோம் என்று எதைச் சொன்னாலும் பழைய மனு எழுந்து வராது. புது மனு, புதுக் கட்டணம், புதுத் தேதி.

அதே விதியில் இன்னொன்றும் இருக்கிறது. முன்பு வாபஸ் வாங்கினார்கள் என்பது மட்டுமே புது மனுவைப் பாதிக்காது; ஆனால் எந்தச் சூழ்நிலையில் வாங்கினார்கள் என்பதை அதிகாரி கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஆக, முதல் மனுவில் கல்யாணம் உண்மை என்று காட்டினால் போதும். இரண்டாவதில் நடுவில் விழுந்த இடைவெளிக்கும் பதில் சொல்லியாக வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டுதான் வருகிறார்கள். ஆல்பம் முதல் மனுவிலேயே போயாயிற்று. இப்போது கேள்வி அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி.

மதுரையில் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் டைப்பிங், மொழிபெயர்ப்பு, ஜெராக்ஸ் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் ஆலோசனை சொல்ல அங்கே உரிமம் பெற்ற வக்கீல் வேண்டும். எந்தெந்த இடத்தில் அவரிடம் போகாமல் தீராது என்று போகப் போகச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது காகிதம். எது எங்கே கிடைக்கும், எது எதோடு ஒத்துப்போக வேண்டும், எதை விட்டுவிட்டால் பிறகு திண்டாட வேண்டியிருக்கும் என்பதெல்லாம் தெரியும். நம் பக்கத்தில் பெரும்பாலும் கணவர் அங்கே, மனைவி இங்கே என்பதால் அப்படியே எழுதுகிறேன். மாறி இருந்தாலும் விதி ஒன்றுதான்.

எது போனது, எது இன்னும் இருக்கிறது

எதை வாபஸ் வாங்கினோம் என்றே பலருக்குத் தெரிவதில்லை. சண்டையில் ஃபோனில் "மனுவை கேன்சல் பண்ணிட்டேன், போ" என்று சொல்லியிருப்பார்; உண்மையில் ஒரு வரிகூட அனுப்பியிருக்க மாட்டார். அதனால் முதல் வேலை, பழைய ரசீது எண்ணைப் போட்டு யு.எஸ்.சி.ஐ.எஸ். என்கிற அந்தக் குடியேற்றத் துறையின் தளத்தில் நிலவரம் பார்ப்பது. வாபஸ் ஏற்கப்பட்டிருந்தால் அதற்கென்று ஒரு கடிதம் மனுதாரர் முகவரிக்குப் போயிருக்கும். மனு உயிரோடு இருந்தால் நீங்கள் இந்தக் கட்டுரையைப் பாதியோடு நிறுத்திக்கொள்ளலாம். கணவன் மனைவி கொஞ்ச காலம் தனித்தனியாக இருந்தார்கள் என்பதாலேயே மனு செத்துவிடாது.

மனு ஒப்புதலாகி, அதன் பிறகு நேர்காணல் வரை கேஸைக் கவனிக்கும் நேஷனல் விசா சென்டரில் கிடப்பில் கிடக்கிறதா? அங்கே ஒரு வருடக் கெடு உண்டு. விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்து ஒரு வருடம் வரை நீங்கள் அசையாமல் இருந்தால் பதிவை ரத்து செய்யலாம். உங்கள் கையை மீறிய காரணம் என்று காட்ட முடிந்தால், அறிவிப்பு வந்து இரண்டு வருடத்துக்குள் மீட்டுத் தரும்படி கேட்க வழி இருக்கிறது. மும்பையில் நேர்காணல் நடக்கிற கேஸின் எண் 'பிஎம்பி' என்ற எழுத்துகளில் தொடங்கும். அந்த எண்ணை வைத்து அவர்கள் தளத்தில் உள்ளே போய்ப் பாருங்கள், கூடவே எழுத்திலும் ஒரு விசாரிப்பு அனுப்பி வையுங்கள்.

சிலர் வாபஸ் வாங்கியது மனுவை அல்ல, மனைவியின் செலவுக்கு நான் பொறுப்பு என்று கணவர் கொடுக்கும் ஐ-864 என்ற பொறுப்பேற்புப் பத்திரத்தை மட்டும். அது புதிதாகக் கொடுக்கக்கூடியதுதான்.

மனு ஒப்புதலான பிறகு வாபஸ் கடிதம் போயிருந்தால், ஒப்புதல் தானாகவே ரத்தாகிவிடும். இதில் ஒரு சிக்கல் உண்டு: கடிதம் போய்விட்டது, ஆனால் தளத்தில் கேஸ் இன்னும் நகர்கிற மாதிரி தெரிகிறது. "பார்க்காத மாதிரி அப்படியே போய்விடலாமே" என்று மாப்பிள்ளை வீட்டில் யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். இது வக்கீலிடம் போக வேண்டிய இடம்.

பழைய மனுவுக்கு உயிர் கொடுத்துத் தருகிறோம், தனிக் கட்டணம் என்று சொல்லும் கன்சல்டன்சிகளும் இருக்கின்றன. விதியில் இல்லாத ஒன்றை எப்படிச் செய்வார்கள் என்று ஒரே ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

கல்யாணம் சட்டப்படி இன்னும் நிற்கிறதா

அவசரப்படாமல் பார்க்க வேண்டிய இடம் இது. சண்டைக் காலத்தில் இங்கே மதுரையில் என்னென்ன கையெழுத்துப் போட்டீர்கள் என்பது முழுவதும் வெளியே வர வேண்டும்.

குடும்ப நல நீதிமன்றத்தில் விவாகரத்து மனு போட்டுப் பிறகு வாபஸ் வாங்கியிருந்தால், அந்த எச்எம்ஓபி எண்ணை, அதாவது திருமண வழக்கின் எண்ணை, எடுத்துக்கொண்டு போய் நகல் மனு போட்டு, வாபஸ் பெற்றதால் தள்ளுபடி செய்யப்பட்டது என்கிற உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் தெரியும் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வருகிறார்கள். அது தகவலுக்குச் சரி, ஆதாரத்துக்கு முத்திரை போட்ட நகல்தான் வேண்டும். மனமொத்த விவாகரத்து என்றால் முதல் மனுவுக்கும் இறுதி உத்தரவுக்கும் நடுவில் பொதுவாக ஆறு மாதம் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் பெரியவர்கள் பேசிச் சேர்த்துவைத்து, அப்புறம் இரண்டு பேரும் நீதிமன்றத்தை மறந்தே விடுகிறார்கள். வழக்கு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. கண்டுபிடித்து முடித்துவையுங்கள்.

தீர்ப்பே ஆகியிருந்தால் பழைய கல்யாணம் முடிந்தது. சேர்ந்து வாழ்வதால் மட்டும் அது திரும்ப வராது. இரண்டு பேரும் மறுபடி முறைப்படி திருமணம் செய்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, புதுத் தேதியில் மனு போட வேண்டும். அப்போது படிவத்தில் முந்தைய திருமணம் என்ற இடத்தில் இப்போதைய துணைவர் பெயரே வரும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் அதுதான் சரி.

விவாகரத்து இல்லாமல், நீதிமன்றம் மூலம் பிரிந்து வாழ உத்தரவு மட்டும் வாங்கியவர்களும் உண்டு. இந்து திருமணச் சட்டம் 10-ஆவது பிரிவு. இங்கே நம்மைப் பொறுத்தவரை கல்யாணம் அப்படியே இருக்கிறது. ஆனால் அமெரிக்கக் குடியேற்றத் தீர்ப்புகளில், சும்மா பிரிந்திருப்பதை ஒரு மாதிரியும் சட்டப்படி எழுதிப் பிரிந்ததை வேறு மாதிரியும் பார்த்திருக்கிறார்கள். அதே 10-ஆவது பிரிவின் இரண்டாவது உட்பிரிவில், அந்த உத்தரவை நீக்கும்படி இருவரில் ஒருவர் கேட்கலாம் என்று இருக்கிறது. மனுப் போடுவதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய விஷயம்: பஞ்சாயத்தில் தீர்த்து எழுதிய பத்திரம். உசிலம்பட்டி, மேலூர் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் இதைக் கட்டாயம் கேட்பேன். முத்திரைத்தாளில் "இன்று முதல் ஒருவருக்கொருவர் எவ்விதப் பாத்தியதையும் இல்லை" என்று எழுதி, இரண்டு பக்கத்து ஆட்களும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். வழக்கப்படியான மணமுறிவை இந்து திருமணச் சட்டம் 29-ஆவது பிரிவு அங்கீகரிக்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் அந்தச் சமூகத்தில் நெடுங்காலமாக உண்டு என்று நிரூபித்தால்தான். ஆகவே அந்தத் தாள் வெறும் தாளாகவும் இருக்கலாம், கல்யாணத்தையே முடித்ததாகவும் இருக்கலாம். கிழித்துப் போட்டுவிட்டோம் என்பார்கள். எதிர்த்தரப்பு மாமா பீரோவில் ஒரு ஜெராக்ஸ் இருக்கும். அது எங்காவது தலைகாட்டுவதற்கு முன்பு, இங்குள்ள குடும்ப வழக்கு வக்கீல் ஒருவரிடம் காட்டி எழுத்தில் கருத்து வாங்கிக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் மறுபடி தாலி கட்டிப் பதிவு செய்துவிடுவது செலவில் சிறியது.

அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தால் சி.எஸ்.ஆர். என்கிற புகார் ரசீது அளவில் நின்றதா, எப்.ஐ.ஆர். ஆனதா என்று பாருங்கள். சி.எஸ்.ஆரில் முடிந்தது என்றால் முடித்துவைத்ததற்கான காகிதத்தை வாங்குங்கள். கணவர் வீட்டுக் கொடுமைக்கான 498ஏ வழக்கு, அல்லது 2024 ஜூலை முதல் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 85-ஆவது பிரிவு, பதிவாகியிருந்தால் நீங்களும் அவரும் சேர்ந்துவிட்டீர்கள் என்பதால் தானாகப் போகாது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் சமரச அடிப்படையில் ரத்து செய்யக் கேட்க வேண்டும். ரத்தான உத்தரவின் நகலையும் கோப்பில் வையுங்கள்.

சீர் சாமான் பட்டியல் ஒன்று பல வீடுகளில் இருக்கும். காவல் நிலையத்திலோ பெரியவர்கள் முன்னிலையிலோ திரும்ப வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்ட தாள். என் மேஜைக்கு வந்த ஒன்றில் "குத்துவிளக்கு 2, வெட் கிரைண்டர் 1, எவர்சில்வர் அண்டா 3, மூடி இல்லாத அண்டா 1" என்று எழுதி, கீழே தேதியோடு எட்டுக் கையெழுத்து. அதைத் தூக்கி எறியாதீர்கள். எந்தத் தேதியில் பிரிந்தீர்கள் என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. அந்தச் சாமானெல்லாம் டாடா ஏஸில் திரும்பி வந்த நாளின் வாடகை ரசீதோ போட்டோவோ இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள்.

பழைய கடிதத்தில் என்ன எழுதியிருந்தது

வாபஸ் கடிதத்தின் நகல் வேண்டும். கணவரிடம் கேட்டால் "சும்மா ரெண்டு வரிதான் எழுதினேன்" என்பார். அது அவருடைய நினைவு. கோப்பில் இருப்பதுதான் கணக்கு. நகல் இல்லையென்றால் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் தன் பழைய மனுவின் கோப்பைக் கேட்டு யு.எஸ்.சி.ஐ.எஸ்.ஸுக்கு ஆன்லைனிலேயே அவர் விண்ணப்பிக்கலாம். வருவதற்கு நாள் ஆகும். ஆகட்டும், அதற்குள் இங்கே மற்ற வேலைகளைப் பாருங்கள்.

"திருமண உறவு சரியில்லை, மனுவைத் தொடர விருப்பமில்லை" என்ற அளவில் இருந்தால் பெரிய கவலை இல்லை. "இவள் கிரீன் கார்டுக்காகத்தான் என்னைக் கட்டிக்கொண்டாள்" என்று எழுதியிருந்தால் கதையே வேறு. குடியேற்றச் சட்டத்தை ஏமாற்றுவதற்காகச் செய்த திருமணம் என்று ஒருமுறை தீர்மானமாகிவிட்டால், சட்டத்தின் 204(சி) பிரிவின்படி அந்தப் பெண்ணுக்காக அதன் பிறகு எந்த மனுவும் ஒப்புதல் ஆக முடியாது. இதே கணவர் போட்டாலும் சரி, வேறு யார் போட்டாலும் சரி. கோபத்தில் எழுதிய ஒரு வரி மட்டுமே தீர்மானம் ஆகிவிடாது; வலுவான ஆதாரம் வேண்டும். ஆனாலும் அப்படி ஒரு வரி கோப்பில் இருக்கிறது என்று தெரிந்தால் வக்கீல் இல்லாமல் புது மனு போடாதீர்கள். அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் மத்தியச் சட்டம் என்பதால் அங்கே எந்த மாநிலத்தில் உரிமம் பெற்றவரும் இதைப் பார்க்கலாம். அவர் பெயர் அந்த மாநில பார் கவுன்சில் தளத்தில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

விளக்கக் கடிதம்

புது மனுவோடு கணவர் ஒன்றும் மனைவி ஒன்றுமாக இரண்டு விளக்கக் கடிதங்கள் வைப்பது நல்லது. தனித்தனியாக, அவரவர் வார்த்தையில்.

எழுத உட்காருவதற்கு முன்பு அந்தப் பெண்ணிடம் நான் தனியாகப் பேசுவேன். கூட வந்த மாமியாரையும் நாத்தனாரையும் டீ குடித்துவிட்டு வரச் சொல்லிவிடுவேன். உனக்கு மனசு இருக்கிறதா, அடி உதை ஏதாவது இருந்ததா, இப்போது நின்றிருக்கிறதா என்று கேட்பேன். விசாவுக்காக மட்டும் சேர்த்துவைத்த உறவு என்றால் அந்த ஊரில் போய்த் தனியாகத் தவிக்கப்போவது அவள்தான். இங்கே இருக்கும்போதே 181 மகளிர் உதவி எண்ணுக்குப் பேசலாம் என்பதையும் சொல்லி வைப்பேன். எல்லாக் காகிதத்திலும் ஒரு நகல், ரசீது எண், கேஸ் எண், தன் பெயரில் தனி மின்னஞ்சல் அவள் கையில் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். போன முறை மனு வாபஸ் ஆனதே மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது என்று சொன்ன பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, கடிதம். ஆண்கள் எழுதி அனுப்பும் முதல் வரைவு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்: "சில தவிர்க்க முடியாத சூழ்நிலைகளால் எங்களுக்குள் கருத்து வேறுபாடு ஏற்பட்டது. தற்போது அவை நீங்கி இனிதே இல்லறம் நடத்தி வருகிறோம்." கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் மாதிரி இருக்கிறது. இதைப் படிக்கிற அதிகாரிக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அவர் மறுபடி கேள்வி கேட்டு அனுப்புவார், அதில் மாதங்கள் போகும்.

நான் சில கேள்விகளை மட்டும் கேட்பேன். முதலில் வீட்டை விட்டுப் போனது யார், எந்த மாதம்? எதற்குச் சண்டை, ஒரே வரியில்? வாபஸ் கடிதம் எழுதச் சொன்னது யார்? மறுபடி முதலில் பேசியது யார், எதற்காக? அதன் பிறகு எங்கே நேரில் பார்த்தீர்கள்? பதில்களை அடுக்கினால் கடிதம் தானாக வந்துவிடும். ஊர் பேர், மாதம் எல்லாம் மாற்றி ஒன்றைக் காட்டுகிறேன்:

"2022 தீபாவளிக்கு நான் ஊருக்கு வரவில்லை. என் தங்கை கல்யாணத்துக்கு நான் பணம் அனுப்பியது பற்றி எனக்கும் என் மனைவிக்கும் தொடர்ந்து சண்டை. 2023 ஜனவரியில் அவள் என் பெற்றோர் வீட்டிலிருந்து திருமங்கலத்தில் தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். மார்ச் மாதம் நான் மனுவை வாபஸ் வாங்கினேன். அவளிடம் சொல்லவில்லை. 2024 பிப்ரவரியில் அவள் அப்பாவுக்கு இதய ஆபரேஷன் நடந்தபோது நான்தான் முதலில் ஃபோன் செய்தேன். அது முதல் பேசிக்கொண்டிருக்கிறோம். 2024 ஆகஸ்டில் நான் வந்து அவளோடு ஐந்து வாரம் இருந்தேன்."

இவ்வளவுதான். இதில் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு காகிதம் வைக்க முடியும்: ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, ஃபோன் பில், பாஸ்போர்ட் முத்திரை. மனைவியின் கடிதத்தில் இதே நாட்கள் அவள் பக்கத்திலிருந்து வரும். அதில் "வாபஸ் வாங்கியது எனக்கு ஜூன் மாதம் தெரிந்தது, அன்றைக்கு நான் சாப்பிடவில்லை" என்று இருந்தால் இருக்கட்டும். இரண்டும் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருப்பதுதான் ஆபத்து. தேதிகள் ஒத்துப்போக வேண்டும், குரல் ஒத்துப்போக வேண்டியதில்லை. மாமியாரைத் திட்டி ஒரு பக்கம் எழுதுவதும் வேண்டாம், யாரையும் மகாத்மா ஆக்கவும் வேண்டாம்.

ஆதாரமும் மொழிபெயர்ப்பும்

சேர்ந்த பிறகு உண்டான காகிதத்துக்குத்தான் இங்கே மதிப்பு. கணவர் சென்னையில் வந்து இறங்கிய பாஸ்போர்ட் முத்திரை, அங்கிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் மதுரைக்கு வந்த டிக்கெட், சேர்ந்து தங்கிய லாட்ஜ் பில், மாதாமாதம் வந்த பணத்தின் வங்கி விவரம். நாமினி மாற்றங்களை யாரும் யோசிப்பதில்லை: சண்டையில் எல்.ஐ.சி. பாலிசியில் அம்மா பெயருக்கு மாற்றி, சமாதானம் ஆனதும் மனைவி பெயருக்குத் திருப்பியிருந்தால் அந்த இரண்டு தேதியுமே கதையைச் சொல்லும். ரேஷன் கார்டில் பெயர் அப்பா வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்ததும் அப்படித்தான்.

பிரிந்திருந்த காலத்தை மறைக்க முயற்சிக்காதீர்கள். மறைக்கவும் முடியாது. ஐ-130ஏ என்ற துணைப் படிவத்தில் மனைவி கடந்த ஐந்து வருடம் எங்கெங்கே குடியிருந்தார் என்று எழுத வேண்டும். உசிலம்பட்டியிலிருந்து திருமங்கலத்துக்குப் போனது அங்கேயே தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப் உரையாடலை இருநூறு பக்கம் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவராதீர்கள். மாதத்துக்கு ஓரிரண்டு, தேதி தெரிகிற மாதிரி, வீட்டு விஷயம் பேசுகிற மாதிரி. "கரண்ட் பில் கட்டியாச்சா", "அம்மாவுக்கு சுகர் 240 இருக்கு" என்பவை "மிஸ் யூ" என்பதைவிட எவ்வளவோ மேல். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாலும் அது தமிழ்தான், மொழிபெயர்ப்பு வேண்டும்.

ஆங்கிலத்தில் இல்லாத எந்தக் காகிதத்துக்கும் முழு மொழிபெயர்ப்பு வேண்டும் என்பது யு.எஸ்.சி.ஐ.எஸ். விதி. இது முழுமையானது, சரியானது, இரண்டு மொழியிலும் எனக்குத் தேர்ச்சி உண்டு என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். பெயர், முகவரி, தேதியும் போட்டுவிடுங்கள். நோட்டரி முத்திரையை அவர்கள் கேட்பதில்லை. கேட்காத முத்திரைக்குப் பணம் வாங்குகிற கடைகள் உண்டு. சுருக்கி மொழிபெயர்த்தால் ஏற்க மாட்டார்கள். முத்திரை, கைநாட்டு, ஓரத்தில் கிறுக்கியது எல்லாம் குறிப்பிட வேண்டும். மேலே சொன்ன சீர் பட்டியலில் "மூடி இல்லாத அண்டா" என்பதையும் நான் விடவில்லை.

போட்டோவுக்குக் கீழே யார், எங்கே, எப்போது என்று ஒரு வரி. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் இருவரும் நிற்கும் படம் நமக்கு எல்லாம் சொல்லும். படிக்கிறவருக்கு அது ஏதோ ஒரு கூட்டம்.

சமாதானம் பேசிய பெரியவரிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்குங்கள். தாய்மாமனோ பெரியப்பாவோ, யார் நடுவில் உட்கார்ந்து பேசினாரோ அவர். அவருடைய முழுப் பெயர், முகவரி, பிறந்த தேதி, பிறந்த ஊர், உங்களுக்கு என்ன உறவு, இந்த விஷயங்கள் அவருக்கு எப்படித் தெரியும் என்பதெல்லாம் வர வேண்டும். "இருவரும் நல்லவர்கள்" என்று பத்துப் பேர் கொடுப்பதைவிட, "இன்ன மாதம் என் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பேசினோம், அன்று இரவே பெண்ணை அழைத்துக்கொண்டு போனார்கள்" என்று ஒருவர் கொடுப்பது போதும்.

படிவம், கட்டணம்

ஐ-130 போட வேண்டியது கணவர்தான். 2024 ஏப்ரல் முதல் ஆன்லைனில் போட்டால் 625 டாலர், காகிதத்தில் 675. அனுப்புகிற அன்று தளத்தில் கட்டணத்தை ஒருமுறை சரிபாருங்கள். மனைவி இந்தியாவில் இருந்தால் ஐ-130ஏ படிவத்தை நிரப்பினால் போதும், அதில் அவர் கையெழுத்துக் கட்டாயமில்லை.

ஐ-130 படிவத்தில், இதே நபருக்காக முன்பு மனு போட்டிருக்கிறீர்களா, என்ன ஆனது என்று ஒரு கேள்வி இருக்கிறது. 'ஆம்' என்று போட்டு, எங்கே, எந்தத் தேதியில் போட்டது என்று எழுதி, முடிவு 'வாபஸ்' என்று குறியுங்கள். பிறகு மனைவி நிரப்பும் டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பப் படிவத்திலும் முன்பு யாராவது மனு போட்டார்களா என்ற கேள்வி வரும். அங்கேயும் 'ஆம்'. வாபஸ் ஆனதுதானே, இல்லை என்று போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: வாபஸ் ஆனதை மன்னிப்பார்கள். முக்கியமான விஷயத்தை வேண்டுமென்றே மறைத்துப் பொய் சொன்னார் என்று முடிவு கட்டினால் ஆயுளுக்கும் தடை விழலாம்.

கணவரின் வருமான வரிக் கணக்கை இப்போதே எடுத்துப் பாருங்கள். பிரிந்திருந்த வருடங்களில் பலர் 'தனியர்' என்று தாக்கல் செய்துவிடுகிறார்கள். கல்யாணம் சட்டப்படி இருக்கும்போது, பிரிந்து இருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே தனியர் ஆகிவிட மாட்டார். ஐ-864 கொடுக்கும்போது அந்த வரிக் கணக்குதான் முன்னால் வந்து நிற்கும். அங்குள்ள வரிக் கணக்காளரிடம் காட்டித் திருத்திய கணக்கு போட வேண்டுமா என்று கேட்டு முடித்துவிடுங்கள். வருமானம் அவர் குடும்ப அளவுக்கான வறுமைக் கோட்டில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். குறைந்தால் இன்னொருவர் சேர்ந்து பொறுப்பேற்கலாம்.

கணவர் குடியுரிமை பெற்றவர் என்றால் வரிசையில் நிற்க வேண்டியதில்லை, பரிசீலனைக்கு ஆகும் காலம் மட்டும்தான். கிரீன் கார்டு மட்டும் வைத்திருந்தால், அவர்களின் துணைவருக்கான எஃப்2ஏ வரிசை. பழைய மனுவின் முன்னுரிமைத் தேதி, அதாவது வரிசையில் பிடித்த இடம், புதியதற்கு வராது. இடையில் அவர் குடிமகன் ஆகியிருந்தால் அந்த நஷ்டம் இல்லை. பிரிவுக்கு முன்போ பின்போ இங்கே குழந்தை பிறந்திருந்தால், தகப்பனார் குழந்தை பிறப்பதற்கு முன்பு அமெரிக்காவில் மொத்தம் ஐந்து வருடம், அதில் 14 வயதுக்குப் பிறகு இரண்டு வருடம் இருந்த குடிமகனா என்று பாருங்கள். ஆம் என்றால் குழந்தைக்கு விசாவே வேண்டாம், சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் பிறப்புப் பதிவு கேட்கலாம். இல்லையென்றால், கணவர் குடிமகனாக இருக்கும் பட்சத்தில், குழந்தைக்குத் தனி ஐ-130 போட வேண்டும். தாயின் மனுவிலேயே ஒட்டிக்கொண்டு போக முடியாது.

ஒப்புதலுக்குப் பிறகு

மனு ஒப்புதலானதும் கேஸ் எண் புதிது, டிஎஸ்-260 புதிது, விசா கட்டணம் 325 டாலரும் பொறுப்பேற்புப் பத்திரப் பரிசீலனைக்கு 120 டாலரும் மறுபடி. போலீஸ் கிளியரன்ஸ் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்திலேயே வாங்கலாம், கட்டணம் 500 ரூபாய். பாஸ்போர்ட்டில் இருக்கிற முகவரியும் இப்போது குடியிருக்கும் முகவரியும் வேறு என்றால், காவல் நிலைய விசாரணை இழுக்கலாம். பெயரையும் பார்த்துக்கொள்ளுங்கள்: பழைய மனுவில் இனிஷியல், புது பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, கல்யாணச் சான்றிதழில் வேறு எழுத்து என்று இருந்தால் எல்லாம் ஒரே ஆள்தான் என்று ஓர் உறுதிமொழி எழுதி வையுங்கள். சண்டையில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக் கணவர் பெயரை எடுத்துவிட்ட பெண்களும் உண்டு. விசாவுக்கு அது தடை இல்லை, ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நேர்காணல் பொதுவாக மும்பையில். அதற்கு முன்பே கைரேகை, அவர்கள் அங்கீகரித்த மருத்துவரிடம் பரிசோதனை இரண்டையும் முடித்திருக்க வேண்டும். ஏன் வாபஸ் வாங்கினார், அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள், யார் சேர்த்துவைத்தது என்பதைக் கேட்பார்கள் என்றே வைத்துக்கொண்டு தயாராகுங்கள். மனப்பாடம் செய்யாதீர்கள், உங்கள் விளக்கக் கடிதத்தைப் போகும் வழியில் இரண்டு தடவை படித்தால் போதும், நடந்ததைத்தானே எழுதியிருக்கிறீர்கள். குடும்ப நல நீதிமன்ற உத்தரவு, காவல் நிலையக் காகிதம் எல்லாவற்றிலும் அசல் கையில் இருக்கட்டும்.

விசா கிடைத்ததும் 235 டாலர் குடியேற்றக் கட்டணம் ஒன்று ஆன்லைனில் கட்ட வேண்டும். அமெரிக்காவில் கால் வைக்கிற அன்று கல்யாணமாகி இரண்டு வருடம் முடிந்திருந்தால் நேரே பத்து வருடக் கார்டு. பிரிந்திருந்த மாதங்களும் அந்தக் கணக்கில் சேரும். விவாகரத்தாகி மறுபடி கட்டியவர்களுக்கு மட்டும் புதுத் தேதியிலிருந்துதான். இரண்டு வருடம் முடியவில்லை என்றால் இரண்டு வருட நிபந்தனைக் கார்டு வரும். அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாளுக்குள், நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 படிவம் போட வேண்டும். அதற்கும் சேர்ந்து வாழும் ஆதாரம் கேட்பார்கள் என்பதால் இங்கே கட்டிய ஃபைலைக் கைப்பையிலேயே வைத்துக் கொண்டுபோங்கள், செக்-இன் லக்கேஜில் போட வேண்டாம்.